ஸ்காரப் வண்டுகளில் புதிய இனம், துணையினம் விவரிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அடையாளத் திறவுகோலின் (இனத்தைப் படிப்படியாகக் கண்டறிய உதவும் பண்புப் பட்டியலின்) எந்த வரிக்கும் பொருந்தாத ஸ்காரப் வண்டு, அதாவது சாணி வண்டும் காண்டாமிருக வண்டும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று, கையில் கிடைத்ததும் புதியவர்கள் பெயர் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பெயர் கடைசி வேலை. கீழே உள்ள படிகளில் பெரும்பகுதி, அந்த வண்டு புதியது அல்ல என்று காட்ட முயல்பவை. அந்த முயற்சிகள் எல்லாம் தோற்ற பிறகும் மிஞ்சி நிற்பதைத்தான் விவரிக்க வேண்டும்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். சிலவற்றை முன்பின்னாகச் செய்துவிட்டால் மாதிரியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நல்ல ஸ்டீரியோ நுண்ணோக்கி, அதன் கண்வில்லைக்குள் பொருத்தும் அளவுகோல், நுனி கூரான இரண்டு இடுக்கிகள், பூச்சி ஊசிகள், 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், கிளிசரின், ஊசியில் குத்தி வைக்கக்கூடிய சிறு குப்பிகள். கருவி இவ்வளவு போதும்.

கருவியைவிடப் பெரிய தேவை மாதிரிகள். ஒரே இடத்தில் பிடித்த ஆண்களும் பெண்களும், பெரியவையும் சிறியவையுமாக ஒரு வரிசை வேண்டும். ஒற்றை வண்டை வைத்து இனம் விவரிக்க, விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச நெறிமுறையின் விதி தடை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்று பெண்ணாக இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலான ஸ்காரப் குழுக்களில் ஆணின் இனப்பெருக்க உறுப்பு தெரியாமல் இனத்தை உறுதி செய்ய முடியாது. பின்னால் வருபவர் உங்கள் பெயரை எந்த ஆணோடு சேர்ப்பது என்று திண்டாடுவார்.

அனுமதிகளை இப்போதே வாங்குங்கள். உயிரின வளங்களைப் பெறுவது பற்றிய நகோயா நெறிமுறை 2014 முதல் நடைமுறையில் உள்ளது. சேகரிக்க, ஏற்றுமதி செய்ய, மரபணு ஆய்வு செய்யத் தனித்தனி அனுமதி கேட்கும் நாடுகள் உண்டு. பொலிவியாவின் டைனாஸ்டஸ் சத்தானாஸ் போலச் சில இனங்கள் அழியும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலிலும் உள்ளன. அனுமதி இல்லாத மாதிரியை அருங்காட்சியகம் ஏற்க மறுத்தால் அத்தனை உழைப்பும் அங்கேயே நின்றுவிடும்.

2. மாதிரியைத் தயார் செய்யும் வரிசை

முதலில் எல்லா லேபிள்களோடும் படம் எடுங்கள். அடுத்து, டி.என்.ஏ எடுப்பதாக இருந்தால் ஒரு காலைக் கழற்றி 96 சதவீத எத்தனாலில் போடுங்கள். அதன் பிறகே வெந்நீரில் ஊறவைத்து மென்மையாக்குவது, பிறகு பிரித்தெடுப்பது. ஊறவைத்த பிறகு கால் எடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. சூடும் ஈரமும் டி.என்.ஏவைச் சிதைத்துவிடும்.

ஊசியை வலது முன்சிறகில் குத்துங்கள். எல்லாரும் இப்படிச் செய்வதால் இடது பக்கம் எப்போதும் சேதமில்லாமல் ஒப்பிடக் கிடைக்கிறது.

லேபிளில் நாடு, மாவட்டம், இடம், தசமப் புள்ளியில் அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், தேதி, பிடித்த முறை, பிடித்தவர் பெயர் வேண்டும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுவது வழக்கம். 5/6 என்றால் ஒருவருக்கு மே, இன்னொருவருக்கு ஜூன். பிடித்த முறையையும் விடாதீர்கள். விளக்கில் வந்ததா, சாணத்தில் கிடைத்ததா, பழப் பொறியில் விழுந்ததா என்பது பின்னால் இனங்களைப் பிரிக்கும் சான்றாகவே மாறலாம்.

3. பேரினம் வரை இறங்கி, இனக்குழுவில் நில்லுங்கள்

துணைக்குடும்பத்தை முதலில் உறுதி செய்யுங்கள்: சாணி வண்டுகளின் ஸ்காரபெய்னே, சிறு சாண வண்டுகளின் அஃபோடியினே, வேர்ப்புழு வண்டுகளின் மெலோலோந்தினே, பளபளக்கும் ரூட்டலினே, பூ வண்டுகளின் சிட்டோனியினே, காண்டாமிருக வண்டுகளின் டைனாஸ்டினே. ஏன் இதில் நேரம் செலவிட வேண்டும் என்றால், எந்த உறுப்பைப் பார்ப்பது என்பது இங்கேதான் முடிவாகிறது.

சில குழுக்களில் நகங்களின் அளவும் பிளவும் பேசும். அஃபோடியினேயில் வாய்க்குள் இருக்கும் எபிஃபாரிங்ஸ் என்ற மேல்தட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். மெலோலோந்தினேயில் உணர்கொம்பு நுனியின் விசிறித் தகடுகள் எத்தனை, எவ்வளவு நீளம் என்று எண்ண வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த நீளம் மாறும் என்பதையும் மறக்கக் கூடாது.

பேரினம் கிடைத்ததும் நேராக இனத்துக்குத் தாவாதீர்கள். ஓந்தோஃபேகஸ் பேரினத்தில் மட்டும் 2000க்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அத்தனையோடும் ஒப்பிட யாராலும் முடியாது. உங்கள் வண்டு எந்த இனக்குழுவில், அதாவது ஒரு பேரினத்துக்குள் ஒன்றுக்கொன்று நெருங்கிய இனங்களின் எந்தத் தொகுதியில், வருகிறது என்று கண்டால் ஒப்பிட வேண்டியவை சில பத்துகளாகக் குறையும்.

4. ஆண் உறுப்பைப் பிரித்தெடுப்பது

ஊறிய வண்டின் வயிற்றுப் பக்கத்துக் கடைசித் தகட்டுக்கும் பின்னுடலின் இறுதித் தட்டான பைஜிடியத்துக்கும் நடுவே கொக்கி போல் வளைத்த ஊசியை நுழைத்து மெல்ல இழுங்கள். பைஜிடியத்தை நெம்பாதீர்கள். அதன் புள்ளிக் குழிகளும் மயிர்களுமே சில இனங்களின் அடையாளம். உடைந்தால் ஒட்டுப் பசை அதை மறைத்துவிடும்.

உறுப்பின் நுனியில் உள்ள பாராமியர் என்ற இரு தகடுகளைச் சுத்தம் செய்தால் போதும், கரைசல் பெரும்பாலும் தேவைப்படாது. உள்ளே சுருண்டிருக்கும் பையைப் பார்க்க மட்டும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வையுங்கள். அடிக்கடி எடுத்துப் பாருங்கள். மறந்து விட்டால் சவ்வு கரைந்துபோகும். வெளியே எடுத்ததும் நீரில் அலசி, கிளிசரின் குப்பியில் இட்டு, அதே வண்டின் ஊசியிலேயே குத்துங்கள். குப்பி வேறு, வண்டு வேறு என்று தனித்தனிப் பெட்டிகளில் வைத்தவர்கள் எதற்கு எது என்று பிறகு ஊகிக்க வேண்டியதுதான்.

பாராமியரை மேலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் பாருங்கள். செரிகா, மலடேரா போன்ற வண்டுகளில் இடமும் வலமும் ஒன்றாக இருக்காது. வெளியே அச்சில் வார்த்தது போல ஒரே பழுப்பு நிறமாகத் தெரியும் இனங்கள் இங்கேதான் பிரிகின்றன. ஆகவே படத்தைக் கணினியில் தவறி இடவலமாகத் திருப்பிவிட்டால், இல்லாத ஓர் இனத்தை நீங்களே உருவாக்கியதாகிவிடும்.

ஓந்தோஃபேகஸ் போன்ற சாணி வண்டுகளில் பாராமியர் ஒன்றுபோலவே இருந்து, உள்பையில் உள்ள கெட்டித் தகடுகள் மட்டும் வேறுபடுவது உண்டு. பாராமியர் ஒத்துப்போகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரே இனம் என்று முடிவு கட்டாதீர்கள். மறுபுறம், ஃபில்லோஃபாகாவில் பெண்ணின் இனப்பெருக்கத் தகடுகளும் இனத்தைக் காட்டும். அங்கே பெண்ணையும் பிரித்தெடுங்கள்.

ஓர் ஆணோடு நிற்காதீர்கள். ஒரே இடத்து ஆண்கள் பலவற்றைப் பிரித்தால்தான் அந்த இனத்துக்குள் உறுப்பு எவ்வளவு மாறும் என்று தெரியும். அது தெரியாதவர் எந்தச் சிறு வளைவையும் புதுமை என்று நம்பிவிடுவார்.

5. புதிதாகத் தோன்றுவதற்கு வேறு காரணம் உண்டா?

இந்தப் படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். இதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள்.

கொம்பு. கொம்புள்ள ஸ்காரப் ஆண்களில் பெரிய உடலுக்குப் பெரிய கொம்பு, சிறிய உடலுக்குக் குருத்து போன்ற கொம்பு அல்லது கொம்பே இல்லை. ஓந்தோஃபேகஸ் டாரஸ் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு: புழுப் பருவத்தில் கிடைத்த உணவைப் பொறுத்து ஆண்கள் இரு வடிவங்களாகின்றன. கொம்பற்ற ஆணை வேறு இனம் என்று எண்ணாமலிருக்க, முன்மார்புத் தட்டின் அகலத்தைக் கிடையச்சிலும் கொம்பின் நீளத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைபடம் போடுங்கள். உங்கள் 'புதிய' வண்டுகள் பழைய இனத்தின் வளைவிலேயே விழுந்தால் விஷயம் முடிந்தது.

தேய்மானம். மண் தோண்டும் வண்டுகளின் முன்கால் பற்களும் தலையின் முன்விளிம்பும் வயதாக ஆகத் தேயும். கூரான நான்கு பற்கள் மழுங்கிய மூன்றாகத் தெரியும். மயிர்களும் உதிரும், பூ வண்டுகளின் வெள்ளைப் பூச்சுப் புள்ளிகளும் அழியும். புத்தம்புது வண்டு ஒன்றைக் காணாமல் 'மயிரற்றது' என்று எழுதாதீர்கள்.

நிறம். நிறத்தை நான் சான்றுகளின் கடைசி இடத்தில் வைக்கிறேன். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த வண்டு வெளிறி மென்மையாக இருக்கும். சேகரிப்பில் எண்ணெய் கசிந்த வண்டு கறுத்துப்போகும். ஹெர்குலிஸ் வண்டின் முன்சிறகு உலர்ந்த காற்றில் மஞ்சள் கலந்த பச்சையாகவும் ஈரப்பதம் ஏறினால் கறுப்பாகவும் மாறுகிறது, ஒரே வண்டிலேயே. உலோகப் பளபளப்புள்ள பூ வண்டுகளில் ஒரே கூட்டத்துக்குள் பச்சை, செம்பு, நீலம் எல்லாம் வரலாம்.

குடியேறி. ஜப்பானிய வண்டு எனப்படும் போப்பிலியா ஜப்போனிகா அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் முதலில் காணப்பட்டது 1916இல். உங்கள் பகுதியின் திறவுகோலில் இல்லாதது வேறொரு கண்டத்தில் நெடுங்காலமாகப் பெயரோடு வாழ்ந்து வரலாம். துறைமுகம், நாற்றங்கால், புல்தரை அருகே கிடைத்தவற்றை இந்தக் கண்ணோடும் பாருங்கள்.

6. பழைய பெயர்களைத் தோண்டுவது

விலங்குப் பெயர்களின் கணக்கு லின்னேயஸின் 1758 பதிப்பிலிருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டு முதல் உங்கள் இனக்குழுவில் வெளியான ஒவ்வொரு பெயரையும், இப்போது செல்லாததாகக் கருதப்படும் மறுபெயர்களையும் சேர்த்து, ஒரு பட்டியலாக்குங்கள். மறுபெயர்களை விடுவதுதான் இங்கு வழக்கமான பிழை. யாரோ பழைய நாளில் 'இது அதேதான்' என்று தள்ளிவிட்ட பெயர் உங்கள் வண்டுக்கு உரியதாக இருக்கலாம். அப்போது செய்ய வேண்டியது அந்தப் பெயரை மீட்பதே. புதுப் பெயர் தேவையில்லை.

1864 முதல் வெளிவரும் ஸூவாலஜிக்கல் ரெக்கார்ட் ஆண்டுவாரியாகத் தேட உதவும். பழைய நூல்கள் பெரும்பாலும் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதல் விவரணையை மூல மொழியிலேயே படியுங்கள், லத்தீனோ பிரெஞ்சோ ஜெர்மனோ எதுவானாலும். பின்னால் வந்த திறவுகோல்கள் முன்னவரின் தவறைப் பிரதி எடுப்பது சாதாரணம்.

அடுத்தது வகைமாதிரிகளை, அதாவது ஒரு பெயர் எந்த மாதிரியை வைத்து வெளியிடப்பட்டதோ அந்த மாதிரிகளை, பார்ப்பது. பழைய விவரணைகள் இரண்டு மூன்று வரிதான் இருக்கும், அவற்றை வைத்து எதையும் உறுதி செய்ய முடியாது. லண்டன், பாரிஸ், பெர்லின் அருங்காட்சியகங்களில் ஸ்காரப் வகைமாதிரிகள் ஏராளம். நேரில் போக முடியாவிட்டால் பொறுப்பாளரிடம் படம் கேளுங்கள். 'படம் அனுப்புங்கள்' என்று மட்டும் எழுதாமல், எந்த உறுப்பு, எந்தக் கோணம் என்று குறித்துக் கேளுங்கள். உறுப்பு இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால் அதையும் செய்து தர முடியுமா என்று பணிவாகக் கேட்கலாம்.

7. இனமா, துணையினமா?

துணையினம் என்பதை 'சந்தேகமான இனம்' என்று எண்ணாதீர்கள். இனம் என்று சொல்லத் துணிவில்லாதபோது ஒதுங்கும் இடமாக அதைப் பயன்படுத்துவது ஸ்காரப் வட்டாரத்தில் பழைய நோய். பெரிய கொம்புள்ள, பலர் விரும்பிச் சேர்க்கும் வண்டுகளில் அது கூடுதல்.

முதல் கேள்வி: இரண்டு வடிவங்களும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில், இடைவடிவம் இல்லாமல் வாழ்கின்றனவா? ஆம் என்றால் அவை துணையினங்களாக இருக்க முடியாது. ஒன்று தனி இனங்கள், அல்லது ஒரே கூட்டத்தின் இரு வடிவங்கள். பாராமியர் சீராக வேறுபட்டால் முன்னது.

இரண்டாவது: வெவ்வேறு இடங்களில் இருந்தால், நடுவே உள்ள இடங்களிலிருந்து மாதிரி உண்டா? வடக்கில் கொம்பு நீளம், தெற்கில் குட்டை என்றால் நடுவில் எப்படி? படிப்படியாகக் குறைந்தால் அது ஒரு சரிவு, அதில் கோடு போட இடமில்லை. இரு முனைகளை மட்டும் ஒப்பிட்டுத் துணையினம் அறிவித்தவர்களின் பெயர்கள், நடுப்பகுதி மாதிரிகள் கிடைத்ததும் விழுந்துவிடுகின்றன.

துணையினம் நிற்கும் இடம்: பரப்பு தனித்தனி, பெரும்பாலான தனி வண்டுகளை இடம் தெரியாமலே உருவத்தால் பிரிக்கலாம், எல்லையில் இடைவடிவங்கள் கலக்கின்றன. தீவுகளில் எல்லையே இல்லாததால் முடிவு கடினம். கரீபியத் தீவுகளிலும் நிலப்பரப்பிலும் துணையினங்களாகப் பெயரிடப்பட்ட ஹெர்குலிஸ் வண்டுகளைப் பற்றி, அவை தனி இனங்களா என்ற கேள்வியையே மையமாக வைத்து மரபணு, உருவம், வாழிடம் மூன்றையும் சேர்த்த ஆய்வு 2016இல் வெளியானது. நீங்களும் எந்த இனக் கோட்பாட்டின்படி முடிவெடுத்தீர்கள் என்று ஒரு பத்தியில் சொல்லிவிடுங்கள்.

துணையினத்தை அறிவித்தால், மூல வடிவமும் தானாக ஒரு துணையினமாகி, இனப்பெயரையே இரண்டு முறை தாங்கும். அதையும் உங்கள் வண்டிலிருந்து பிரிக்கும் அடையாளங்களை எழுதுங்கள். 'வகை', 'வடிவம்' என்ற நிலைகளில் பெயர் வைக்காதீர்கள். 1960க்குப் பிறகு அப்படி வைத்த பெயர்களைப் பெயரிடும் நெறிமுறை ஏற்பதில்லை.

8. டி.என்.ஏ

விலங்குகளில் வழக்கமாகப் படிப்பது, செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சி.ஓ.ஐ மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட துண்டு. ஆணையும் பெண்ணையும், புழுவையும் வண்டையும் இணைக்க இது அருமையான கருவி. இனப் பிரிவை இதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். இது தாய்வழியில் மட்டும் வருவது. வோல்பாக்கியா பாக்டீரியா தொற்றும் பழைய கலப்பும் இதன் கதையைத் திரித்துவிடும். உருவமும் டி.என்.ஏவும் முரண்பட்டால் செல்லின் உட்கருவில் உள்ள மரபணு ஒன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

9. அளவும் படமும்

உடல் நீளத்தை எங்கிருந்து எங்குவரை எடுத்தீர்கள் என்று எழுதுங்கள். கொம்பைச் சேர்த்தா, விட்டா? பைஜிடியம் வரையா, முன்சிறகு நுனி வரையா? சொல்லாவிட்டால் அடுத்தவரின் எண்ணோடு ஒப்பிட முடியாது. முழு வண்டு, தலை, முன்கால் ஆகியவற்றையும், பாராமியரை மூன்று கோணங்களிலும் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அளவுக்கோடு. நெருங்கிய இனத்தின் பாராமியரையும் அதே கோணத்தில் பக்கத்திலேயே வையுங்கள். புதிய இனத்தை மட்டும் படம் போட்டு ஒப்பீட்டை வாசகரின் கற்பனைக்கு விடும் கட்டுரைகள் நிறைய.

10. எழுதும் வரிசை

முதலில் வேறுபாட்டுக் குறிப்பை எழுதுங்கள், விவரணையை அப்புறம். நெருங்கிய இனங்கள் இவை, ஒவ்வொன்றிலிருந்தும் இதனால் பிரியும் என்று ஐந்தாறு வரியில் சொல்ல முடியவில்லை என்றால், இனம் இன்னும் தயாராகவில்லை. 1930க்குப் பிறகு வெளியாகும் பெயருக்கு, வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களால் கூறுவது கட்டாயம். படம் மட்டும் போதாது.

பிழையான குறிப்பு: 'பளபளப்பான, அழகிய கரும்பழுப்பு வண்டு, புள்ளிக் குழிகள் அடர்ந்தவை.' சரியான குறிப்பு: 'முன்மார்புத் தட்டின் நடுவில் புள்ளிக் குழிகளுக்கு இடையே உள்ள தூரம் ஒரு குழியின் விட்டத்தைவிடக் குறைவு. நெருங்கிய இனத்தில் இரண்டு மடங்கு.' அளக்கக்கூடியதை எழுதுங்கள்.

விவரணையை ஹோலோடைப்பின் (பெயரைத் தாங்கும் ஒற்றை மாதிரியின்) தலையிலிருந்து பின்னோக்கி, ஒரே வரிசையில் எழுதுங்கள். பிறகு பாராடைப்களில் (ஹோலோடைப்போடு சேர்த்துக் குறிப்பிடும் மற்ற மாதிரிகளில்) காணும் மாறுபாடு, பெண், பரப்பு, வாழிடம். கடைசியில் பழைய திறவுகோலில் உங்கள் இனம் எங்கே நுழையும் என்ற வரிகளைச் சேர்த்துவிடுங்கள். களத்தில் இருப்பவர் முதலில் புரட்டும் பக்கம் அதுதான்.

11. ஹோலோடைப்

நன்கு வளர்ந்த, உடையாத, உறுப்பு பிரிக்கப்பட்ட ஓர் ஆணைத் தேர்ந்தெடுங்கள். 1999க்குப் பிறகு ஹோலோடைப்பையோ சமநிலை வகைமாதிரித் தொகுதியையோ (ஒன்றைத் தனிப்படுத்தாமல் ஒரே மதிப்பில் வைக்கும் பல மாதிரிகளையோ) வெளிப்படையாகக் குறிப்பிடாத இனப்பெயர் செல்லாது. அது எந்தச் சேகரிப்பில், எந்த ஊரில் வைக்கப்படும் என்பதையும் எழுத வேண்டும். தனியார் சேகரிப்பை விதி தடுக்கவில்லை. நான் பரிந்துரைக்க மாட்டேன். உரிமையாளருக்குப் பின் அந்தப் பெட்டிகள் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹோலோடைப்புக்குச் சிவப்பு லேபிள், பாராடைப்களுக்கு மஞ்சள் என்பது பரவலான வழக்கம். சந்தேகமான மாதிரிகளைப் பாராடைப்பாகச் சேர்க்காதீர்கள். எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில் வேறு இனம் உள்ளே நுழைந்துவிடும். அவற்றை 'பிற மாதிரிகள்' என்று தனியே பட்டியலிடுங்கள்.

12. இப்போது பெயர்

அதே பேரினத்தில் அந்தப் பெயர் முன்பே இருக்கிறதா என்று பாருங்கள். துணையினப் பெயர்களும் மறுபெயர்களும் கணக்கில் வரும், ஏனெனில் இனப்பெயரும் துணையினப் பெயரும் ஒரே தட்டில் போட்டியிடுகின்றன. ஓந்தோஃபேகஸ், அனோமலா போன்ற பெரிய பேரினங்களில் எளிதாகத் தோன்றும் பெயர்களை யாராவது எப்போதோ எடுத்திருப்பார்கள். முழுச் சொல்லாகத் தேடாமல் வேர்ப்பகுதியாகத் தேடுங்கள், விகுதி மாறியிருக்கலாம்.

பெயர் லத்தீன் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போக வேண்டும்: ஓந்தோஃபேகஸ் ஆண்பால், செரிகா பெண்பால். ஒருவரைச் சிறப்பிக்கும்போது ஆணுக்கு இ விகுதி, பெண்ணுக்கு ஏஇ விகுதி. பெயர்ச்சொல்லாக வைத்தால் விகுதி மாறாது என்பதையும் குறிப்பிட்டுவிடுங்கள். உங்கள் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, சக ஆய்வாளர்கள் சிரிப்பார்கள்.

13. வெளியீடு

ஸூடாக்ஸா, ஸூகீஸ் போன்ற இதழ்கள் இத்தகைய கட்டுரைகளை வழக்கமாக வெளியிடுபவை. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், வெளியாகும் முன்பே கட்டுரை விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவாகி, பதிவுக்கான சான்றும் வெளியீட்டுத் தேதியும் கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். 2012 முதல் இதுவே நிலை. இதழ் பார்த்துக்கொள்ளும் என்று விடாமல், அச்சுப்படியில் அந்தப் பதிவு எண்ணை நீங்களே சரிபாருங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் 'புதிய இனம்' அல்லது 'புதிய துணையினம்' என்று வெளிப்படையாகப் போடுங்கள். 'இது புதிதாக இருந்தால் இப்படி அழைக்கலாம்' என்று நிபந்தனையோடு வைத்த பெயர் ஏற்கப்படாது. வெளியாகும் வரை பெயரைச் சமூக ஊடகத்திலோ மாநாட்டுச் சுவரொட்டியிலோ விடாதீர்கள். சட்டப்படி உயிரில்லாத அந்தப் பெயர் பட்டியல்களுக்குள் புகுந்து, பிறகு யாராலும் துடைக்க முடியாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

14. வெளியான பின்

ஹோலோடைப்பைச் சொன்ன இடத்தில் உடனே ஒப்படைத்து, அவர்கள் தரும் பதிவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பாராடைப்களை ஒரே கட்டடத்தில் குவிக்காமல் இரண்டு மூன்று அருங்காட்சியகங்களுக்குப் பிரித்து அனுப்புங்கள். தீயோ பூஞ்சையோ ஒன்றை அழித்தாலும் மற்றது இருக்கும். டி.என்.ஏ வரிசைகளைப் பொதுத் தரவகத்தில் ஏற்றும்போது மாதிரி எண்ணை இணையுங்கள்.

கட்டுரையில் மாதிரி எண் அல்லது இடப்பெயர் தவறாக அச்சானது தெரியவந்தால், அதே இதழில் திருத்தம் வெளியிடுங்கள். உங்கள் பி.டி.எஃப் பிரதியை மட்டும் மாற்றி அனுப்புவது திருத்தம் ஆகாது.